நான்காம் ஆண்டின் கணக்கு

கணினி லீக்கில் ஒரு பேஸ்பால் அணியை எடுத்து நடத்துகிறவர் பெரும்பாலும் ஒரே வழியில்தான் மேலே வருகிறார். வயதேறிய, விலை கூடிய ஆட்டக்காரர்களைக் கைமாற்றிவிட்டு இளைஞர்களைச் சேர்க்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகள் தோற்றுக்கொண்டே பொறுத்திருக்கிறார். பிறகு ஓர் ஏப்ரலில் அவர்களை மொத்தமாக மேல்நிலை அணிக்கு ஏற்றுகிறார். முதல் ஆண்டு தடுமாற்றம். இரண்டாம் ஆண்டு பாதிக்கு மேல் வெற்றி. மூன்றாம் ஆண்டு கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். சம்பளப் பட்டியலைத் திறந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். லீக்கிலேயே சிறந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு அடிமட்டச் சம்பளம், நாற்பது ஹோம் ரன் அடித்தவனுக்கும் அதே அடிமட்டச் சம்பளம். மிச்சமாகும் பணத்தில் வெளிச்சந்தையிலிருந்து பெயர்பெற்ற பந்து வீச்சாளர் ஒருவரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கிப் போடுகிறார். பருவம் முடிகிறது. நான்காம் ஆண்டுக்கான ஆர்பிட்ரேஷன், அதாவது சம்பளத்துக்கான நடுவர் விசாரணை, வந்து போகிறது. அடுத்த நாள் கணக்கைத் திறந்தால் அணி கடனில் நிற்கிறது.

நான் இருந்த லீக்குகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தப் பட்டியலின் முன்னால் உட்கார்ந்திருந்தது நானே. எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: இப்படி வரும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் அந்தப் பில்லில் தேதி மூன்று ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஏப்ரலில் ஐந்து பையன்களை ஒன்றாக ஏற்றிய அன்றைக்கே. இதை விளையாட்டுதானே என்று தள்ளிவிட முடியவில்லை. முப்பது பேர் சேர்ந்து நடத்தும் லீக்கில் ஒருவர் மனமுடைந்து அணியை அப்படியே போட்டுவிட்டுப் போனால் மற்ற இருபத்தொன்பது பேரின் பல மாத உழைப்பும் குலைகிறது. போனவர்களில் சிலர் இளைஞர்களைக் கண்டுபிடிப்பதில் மிகத் திறமையானவர்கள். ஆட்டம் தெரியாமல் அவர்கள் போகவில்லை. நாட்கணக்கு தெரியாமல் போனார்கள்.

கணினி லீக் என்பது நேற்று நடந்த நிஜ ஆட்டத்தின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் ஃபேன்டசி ஆட்டம் அல்ல. 1951-இல் ஆப்பா, 1961-இல் ஹால் ரிச்மனின் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்று அட்டையும் பகடையுமாக வந்த மரபு இது. 1999-இல் ஜெர்மானியரான மார்க்கஸ் ஹைன்சோன் வெளியிட்ட அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் அதைக் கணினியில் ஒரு முழு லீக்காக விரித்தது. ஒப்பந்தம், காயம், கீழ்நிலை அணிகள், உரிமையாளர் ஒதுக்கும் பட்ஜெட் எல்லாம் உள்ளே உண்டு. 2015-இல் மேஜர் லீக்கின் உரிமமும் சேர்ந்தது. நிஜத்தின் சம்பள விதிகளை அப்படியே உள்ளே வைத்திருப்பதுதான் இதன் அழகு. ஆகவே கணினியில் விழும் அடியைப் புரிந்துகொள்ள நிஜ விதியிலிருந்தே தொடங்க வேண்டும்.

மேஜர் லீக்கில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் பணிநாள் கணக்கு உண்டு. பருவம் ஏறக்குறைய 187 நாள். அதில் 172 நாள் மேல்நிலை அணியில் இருந்தால் ஓர் ஆண்டு என்று எழுதப்படும். ஆறு ஆண்டு நிரம்பும்வரை அவர் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில் அணி சொல்வதே சம்பளம்; பெரும்பாலும் லீக்கின் குறைந்தபட்சத் தொகை, அல்லது அதற்குச் சற்று மேல். 2025-இல் அந்தக் குறைந்தபட்சம் 7.6 லட்சம் டாலர். ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட்; சந்தை விலை. நடுவில் கிடக்கும் மூன்று ஆண்டுகளுக்குத்தான் ஆர்பிட்ரேஷன்.

1973-இல் அணி உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த ஒப்பந்தத்தில் இது இடம்பெற்றது. 1974 பிப்ரவரியில் முதல் விசாரணைகள் நடந்தன. இதன் வேர் பேஸ்பாலில் இல்லை. தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை பற்றி 1966-இல் கார்ல் ஸ்டீவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் முன்வைத்த யோசனை அது. நடுவர் இரு தரப்பின் தொகைக்கும் இடையில் ஒன்றைச் சொல்லலாம் என்று இருந்தால், ஒருவர் மிக உயரத்தில் கேட்பார், மற்றவர் மிகத் தாழ்வாகச் சொல்வார். இரண்டில் ஒன்றை மட்டுமே நடுவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டிவிட்டால், இருவரும் பயந்து நியாயத்துக்குப் பக்கத்தில் வருவார்கள். பேஸ்பால் அதையே எடுத்துக்கொண்டது. ஜனவரியில் அணி ஒரு தொகை, ஆட்டக்காரர் ஒரு தொகை தாக்கல் செய்வார்கள். பேச்சில் முடியாவிட்டால் மூன்று நடுவர்கள் முன் விசாரணை. ஆளுக்கு ஒரு மணி நேரம், மறுப்புக்கு அரை மணி நேரம். தீர்ப்பு இரண்டில் ஒரு தொகை, காரணம் சொல்லமாட்டார்கள்.

நடுவர்கள் எதைப் பார்க்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கடந்த பருவத்தின் ஆட்டம், மொத்தப் பணியின் அளவும் சீரும், முன்பு வாங்கிய சம்பளம், அதே பணிக்காலம் உள்ள மற்றவர்களின் சம்பளம், உடல் குறை, அணியின் அண்மைய நிலை ஆகியவற்றைப் பார்க்கலாம். அணியின் நிதிநிலையைப் பார்க்கக் கூடாது. கணினி லீக் நடத்துபவர் இந்த விதியைச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் கஜானா காலி என்பது அங்கே வாதமே அல்ல.

ஒரு தொகை மட்டுமே என்ற விதியால் நடுவர்களின் கேள்வி மிக எளிதாகிவிடுகிறது: இவருடைய மதிப்பு இரண்டு தொகைக்கும் நடுப்புள்ளிக்கு மேலா, கீழா? 2008-இல் ஃபிலடெல்ஃபியாவின் ரயன் ஹோவர்ட் 1 கோடி டாலர் கேட்டார். அணி 70 லட்சம் சொன்னது. நடுப்புள்ளி 85 லட்சம். அவர் 2006-இல் 58 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர். 2007-இல் 47 அடித்தவர். முந்தைய ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். நடுவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். 9 லட்சம் ஒரே தாவலில் ஒரு கோடி ஆனது. அணி 70-க்குப் பதில் 80 லட்சம் என்று தாக்கல் செய்திருந்தால் நடுப்புள்ளி 90 லட்சத்துக்கு ஏறியிருக்கும். ஆட்டக்காரர் தாண்ட வேண்டிய கோடும் உயர்ந்திருக்கும். குறைத்துச் சொன்னால் மிச்சம் என்று நினைப்பவர் தன் கையாலேயே கோட்டைத் தாழ்த்துகிறார். கணினி லீக்கில் புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அதிகம். சந்தையில் காய்கறி வாங்குவது போலப் பாதி விலையில் பேச்சைத் தொடங்குவார்கள். இங்கே பேரமே கிடையாது.

நிஜத்தில் இதற்கு இன்னொரு விலையும் உண்டு. 2021-இல் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது பெற்ற மில்வாக்கியின் பந்து வீச்சாளர் கார்பின் பர்ன்ஸ் 2023-இல் 1.075 கோடி கேட்டார், அணி 1.001 கோடி சொன்னது. வித்தியாசம் 7.4 லட்சம். அணி வென்றது. விசாரணையில் அணித் தரப்பு தன்னைப் பற்றிப் பேசிய விதம் உறவைக் காயப்படுத்திவிட்டது என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். ஓராண்டு கழித்து, 2024 பிப்ரவரியில், பால்டிமோருக்குக் கைமாற்றப்பட்டார். அந்த விற்பனைக்கு ஒப்பந்தக் காலம் முடிவதும் ஒரு காரணம், ஆனாலும் 7.4 லட்சத்துக்காக அந்த அறைக்குள் போயிருக்க வேண்டுமா என்ற கேள்வி என்னை விடவில்லை. கணினி ஆட்டக்காரனுக்கு இப்படி மனம் நோகாது என்பதால் நாம் அலட்சியமாகத் தொகை எழுதுகிறோம்.

இப்போது அந்த ஏப்ரலுக்கு வருகிறேன். பேஸ்பால்காரர்கள் கையாளும் ஒரு பொதுக் கணிப்பு உண்டு: ஆர்பிட்ரேஷனின் முதல் ஆண்டில் சந்தை மதிப்பில் 40 சதவீதம், அடுத்த ஆண்டு 60, மூன்றாம் ஆண்டு 80. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் திட்டம் போடப் போதும். கணக்குக்காக ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். பட்ஜெட் 12 கோடி. ஒரே ஏப்ரலில் ஏறிய ஐந்து பேர். மூன்று ஆண்டில் அவர்களுடைய சந்தை மதிப்பு சேர்ந்து 7 கோடி ஆகிவிட்டது என்று வையுங்கள். மூன்றாம் ஆண்டில் ஐவருக்கும் சேர்த்து நீங்கள் கொடுத்தது 38 லட்சம். நான்காம் ஆண்டில் 2.8 கோடி. ஐந்தில் 4.2 கோடி. ஆறில் 5.6 கோடி. ஐந்து பேரும் அதே ஐந்து பேர். ஆட்டம் இம்மியும் கூடியிருக்க வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டின் மிச்சத்தில் ஆண்டுக்கு 2 கோடி வீதம் ஐந்தாண்டுக்கு வாங்கிய அந்தப் பந்து வீச்சாளர் வேறு இருக்கிறார். அவரை வாங்கிய அன்று பட்ஜெட்டில் இடம் இருந்தது என்பது உண்மை. அந்த இடம் அந்த ஐந்து பையன்களுக்கு முன்பதிவு செய்யப்பட்டது என்பதும் உண்மை.

நிஜத்தில் இதைத் தெளிவாகப் பார்க்க அட்லாண்டா பிரேவ்ஸ் அணி போதும். ஜேசன் ஹேவர்ட், கிரெய்க் கிம்ப்ரல், ஃபிரெடி ஃப்ரீமேன் மூவரும் 2010 என்ற ஒரே ஆண்டில் மேல்நிலைக்கு வந்தவர்கள். 2013-இல் அணி 96 ஆட்டம் வென்றது. 2014 ஜனவரியில் மூவரும் ஒரே நேரத்தில் அணியோடு தொகை தாக்கல் செய்து நின்றார்கள். ஃப்ரீமேன் 57.5 லட்சம், அணி 45 லட்சம். கிம்ப்ரல் 90 லட்சம், அணி 65.5 லட்சம். பிப்ரவரியில் ஃப்ரீமேனுக்கு எட்டாண்டுக்கு 13.5 கோடி, கிம்ப்ரலுக்கு நான்காண்டுக்கு 4.2 கோடி, ஹேவர்டுக்கு இரண்டாண்டுக்கு 1.33 கோடி என்று முடிந்தது. அந்த ஆண்டு வெற்றி 79. நவம்பரில் ஹேவர்ட் செயின்ட் லூயிக்குப் போனார். 2015 பருவம் தொடங்கும் தறுவாயில் கிம்ப்ரல் சான் டியேகோவுக்குப் போனார். 2015-இல் 67 வெற்றி. சம்பளம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2014 மார்ச்சில் மெட்லன், பீச்சி என்ற இரு பந்து வீச்சாளர்களின் முழங்கை அறுவை மேசைக்குப் போனது. ஆனால் சேர்ந்து விளைந்த பயிர் சேர்ந்தே விலைக்கு வந்தது. மூவரில் நிலைத்தவர் ஒருவர்தான்.

அதனால் லீக்கில் கொஞ்சம் விவரமானவர்கள் வேறு தந்திரத்துக்குப் போகிறார்கள். ஏப்ரலில் இளைஞனை இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் கீழ்நிலையில் நிறுத்தி வைத்தால் 172 நாள் நிரம்பாது. ஆறு ஆண்டு என்பது ஏழாகிவிடும். சிகாகோ கப்ஸ் அணியில் 2015-இல் கிரிஸ் பிரையன்ட் விஷயத்தில் நடந்தது அதுதான். அவர் ஏப்ரல் 17-ஆம் தேதி மேலே வந்தார். பருவ முடிவில் அவருடைய கணக்கு 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவர். 2016-இல் மிகச் சிறந்த ஆட்டக்காரர். பின்னாளில் அவர் தொடுத்த முறையீடும் 2020-இல் அணிக்குச் சாதகமாகவே முடிந்தது. இந்தக் கதையைக் கேட்டதும் கணினி லீக்கில் எல்லோரும் இதையே செய்யத் தொடங்குகிறார்கள். கதையின் அடுத்த பாதியை யாரும் படிப்பதில்லை.

மூன்று ஆண்டு நிரம்பாவிட்டாலும் ஆர்பிட்ரேஷனுக்குள் நுழைய ஒரு பக்கவாசல் இருக்கிறது. அதன் பெயர் சூப்பர் டூ. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட பணி உள்ளவர்களில், கடைசிப் பருவத்தில் 86 நாளாவது மேலே இருந்தவர்களை எடுத்து, மேலிருந்து 22 சதவீதம் பேரை உள்ளே விடுவார்கள். 2017 முடிவில் பிரையன்டின் கணக்கு இரண்டு ஆண்டும் 171 நாளும். அந்த வரிசையில் அவருக்கு மேல் யாரும் இருக்கவே முடியாது. ஆக அவருக்கு ஆர்பிட்ரேஷன் மூன்று ஆண்டு அல்ல, நான்கு ஆண்டு. 2017-இல் 10.5 லட்சம் வாங்கியவர் 2018-இல் 1.085 கோடி வாங்கினார், பிறகு 1.29 கோடி, 1.86 கோடி, 1.95 கோடி. நான்கும் சேர்ந்தால் 6.185 கோடி டாலர். ஏழாவது ஆண்டு கிடைத்தது உண்மை, இலவசமாகக் கிடைக்கவில்லை. அந்த ஏழாவது ஆண்டின் நடுவில், 2021 ஜூலை 30 அன்று, அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார்.

சூப்பர் டூவின் கொடுமை, அதன் கோடு முன்கூட்டித் தெரியாது என்பது. 22 சதவீதம் என்பது அந்த ஆண்டு அந்த வரிசையில் யார் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2023 முடிவில் கோடு இரண்டு ஆண்டும் 118 நாளும். 2024 முடிவில் இரண்டு ஆண்டும் 132 நாளும். அதாவது 125 நாள் வைத்திருக்கும் ஒருவர் ஓர் ஆண்டில் உள்ளே, மற்றோர் ஆண்டில் வெளியே. ஏப்ரலில் இரண்டு வாரம் நிறுத்திவைத்து ஏற்றப்பட்ட பையன் சூப்பர் டூ ஆவது ஏறக்குறைய நிச்சயம். ஜூன் தொடக்கத்தில் ஏற்றப்பட்டவன் அந்தக் கோட்டுக்கு மிக அருகே வந்து நிற்பான். கணினி லீக்கில் இது மேலும் சிக்கல். ஆர்பிட்ரேஷனுக்கு எத்தனை ஆண்டு, வெளியேற எத்தனை ஆண்டு என்பதை லீக்கை நடத்தும் கமிஷனர் மாற்றிவைக்க முடியும். உங்கள் லீக்கின் விதிப்பக்கத்தைப் படிக்காமல் நிஜ மேஜர் லீக்கின் எண்ணை நம்பித் திட்டம் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல மூன்றாம் பேஸ்காரனை இப்படித்தான் ஒருவர் ஓராண்டு முன்னதாகவே பெரிய சம்பளத்தில் சுமக்க நேர்ந்தது.

அடுத்தது, ஆர்பிட்ரேஷனின் கண் எதைப் பார்க்கிறது என்பது. கணினியில் ஆட்டக்காரனின் திறன் திரையில் எண்ணாகவே தெரிகிறது. நாம் அதைப் பார்த்துத்தான் அவனை மதிக்கிறோம். ஆர்பிட்ரேஷன் பார்ப்பதோ நடந்து முடிந்த பருவத்தை. அதிலும் எண்ணிச் சேர்க்கக்கூடியவற்றை. ஹோம் ரன், அடித்துக் கொண்டுவந்த ரன், பந்து வீச்சாளருக்கு வெற்றி, கடைசி இன்னிங்ஸ்காரனுக்கு சேவ், அதாவது முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்த கணக்கு. நியூயார்க் யாங்கீஸின் டெலின் பெட்டான்சஸ் 2014, 2015, 2016 மூன்று ஆண்டும் ஆல்-ஸ்டார். மூன்றிலும் நூற்றுக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட். ஆனால் அவர் பெரும்பாலும் வீசியது கடைசி இன்னிங்ஸுக்கு முந்தைய இன்னிங்ஸ்களில். சேர்த்திருந்த சேவ் மொத்தம் 22. 2017-இல் 50 லட்சம் கேட்டார், அணி 30 லட்சம் சொன்னது, அணி வென்றது. மேலே சொன்ன கிம்ப்ரல் 2014-இல் அந்தக் கட்டத்துக்கு வந்தபோது கையில் 139 சேவ். அவருக்கு அணி தானாகச் சொன்னதே 65.5 லட்சம். இருவரின் வீச்சுத் தரத்தில் இருந்த இடைவெளி அந்தத் தொகைகளின் இடைவெளி அளவுக்கு இல்லை என்பது என் கருத்து.

கடைசி இன்னிங்ஸை யாருக்குக் கொடுப்பது என்பது கணினி அணியில் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டுப் பையனுக்குக் கொடுத்தால் ஆட்டம் வெல்லும், கூடவே அவனுடைய நான்காம் ஆண்டுச் சம்பளமும் ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறும். அடுத்த ஆண்டு எப்படியும் போகப்போகிற மூத்தவர் ஒருவர் இருந்தால் சேவ்கள் அவர் பெயரில் சேரட்டும். பையன் எட்டாம் இன்னிங்ஸில் இன்னும் கடினமான அடிவீரர்களுக்கு வீசட்டும். மென்பொருளின் சூத்திரம் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறது என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். ஆகவே ஊகிக்க வேண்டாம்; உங்கள் லீக்கில் முந்தைய ஆண்டுகளின் தீர்ப்புகளைப் புரட்டி, அதே பணிக்காலம், அதே வேலை உள்ளவர்களுக்கு என்ன கிடைத்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். நிஜ விசாரணையில் இரு தரப்பும் ஒரு மணி நேரம் செய்வது இதையேதான்.

ஏறிய சம்பளம் எளிதில் இறங்குவதில்லை. எனக்குத் தெரிந்து அணிகளைக் கவிழ்ப்பதில் இதுவே முதன்மையானது. விதிப்படி ஒரு வீரருக்கு அணி முன்வைக்கும் தொகையை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கு மேல் குறைக்க முடியாது. நடைமுறையில் அந்த 20-ஐக்கூட அணிகள் அரிதாகவே தொடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் கோடி பெலிஞ்சர் 2019-இல் 47 ஹோம் ரன் அடித்து மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2020-க்கு 1.15 கோடி; 2021-க்கு 1.61 கோடி. 2021-இல் காயத்தோடு ஆடி அவர் அடித்த சராசரி .165. அப்படி ஒரு பருவத்துக்குப் பிறகு 2022-க்கான சம்பளம் என்ன? 1.7 கோடி. ஏறியது. அந்த ஆண்டும் .210 தான் அடித்தார். 2022 நவம்பரில் டாட்ஜர்ஸ் அவருக்கு ஒப்பந்தமே தராமல் விட்டுவிட்டது. ஹூஸ்டனின் லான்ஸ் மெக்கல்லர்ஸ் 2018 முடிவில் முழங்கை அறுவை செய்துகொண்டு 2019 முழுக்க ஒரு பந்துகூட வீசவில்லை. 2019-இல் சம்பளம் 41 லட்சம். 2020-இலும் அதே 41 லட்சம்.

ஒரே ஒரு பெரிய பருவம் மூன்று ஆண்டுக்கு அடித்தளம் போட்டுவிடுகிறது. கணினியில் ஓர் ஆட்டக்காரன் தன் திறனுக்கு மீறி ஒரு பருவம் ஜொலிப்பது சாதாரணம். பகடை அப்படி விழுகிறது. அந்தப் பருவம் அவனுடைய மூன்றாம் ஆண்டில் விழுந்தால் நமக்கு மகிழ்ச்சி, கைதட்டல், கோப்பை. அதற்கான தவணை நான்காம் ஆண்டில் தொடங்கும். திரையில் தெரியும் திறன் எண் மாறாமலே இருக்க, சம்பளம் மட்டும் அவன் ஒருமுறை எட்டிப்பார்த்த உயரத்திலேயே நிற்கும். அப்படிப்பட்டவனைக் கைமாற்ற வேண்டிய நேரம் அந்தப் பருவம் முடிந்த கையோடு. ஓராண்டு தள்ளினால் லீக்கில் எல்லோருக்கும் அவன் சம்பளம் தெரிந்துவிடும். நீங்கள் விற்றாக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முன்கூட்டியே நீண்ட ஒப்பந்தம் போட்டு இந்த மூன்று ஆண்டையும் விலைக்கு வாங்கிவிடலாம் என்பது பழைய வழி. கிளீவ்லாந்தின் ஜான் ஹார்ட் 1992-இல் கார்லோஸ் பயேர்கா, சாண்டி அலோமர் போன்ற இளைஞர்களிடம் அதைத்தான் செய்தார். பிரேவ்ஸ் 2014 பிப்ரவரியில் வரிசையாகக் கையெழுத்து வாங்கியபோது அந்த அணிக்கு ஆலோசகராக இருந்தவரும் அதே ஹார்ட். டாம்பா பே 2008-இல் எவன் லாங்கோரியாவை, அவர் முதல் ஆட்டம் ஆடி ஒரு வாரம் ஆவதற்குள், ஆறு ஆண்டுக்கு 1.75 கோடியில் பிடித்துக்கொண்டது. அதைவிட மலிவாக ஒரு நட்சத்திரத்தை யாரும் வைத்திருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் இதே மருந்து ஹூஸ்டனுக்கு 2014-இல் ஜான் சிங்கிள்டனிடம் பலிக்கவில்லை; ஐந்தாண்டுக்கு 1 கோடி கொடுத்தார்கள், அந்தப் பருவம் அவர் அடித்தது .168. ஃபிலடெல்ஃபியா 2018-இல் ஸ்காட் கிங்கரிக்கு ஆறாண்டுக்கு 2.4 கோடி கொடுத்ததும் வீண்தான். ஐந்து பையன்களுக்கும் ஒப்பந்தம் போடுவது திட்டமல்ல. எந்த இருவர் என்று தீர்மானிப்பதுதான் வேலை; அதை இரண்டாம் ஆண்டுக்குள் முடித்துவிட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிஜ அணிக்கு நவம்பர் பிற்பகுதிவரை யாரை வைத்துக்கொள்வது என்று யோசிக்க அவகாசம் உண்டு. ஜனவரியில் தொகை தாக்கல். பிப்ரவரி நடுப்பகுதிவரை விசாரணை. ஒரு நாளுக்கு ஒரு வாரம் வீதம் ஓடும் கணினி லீக்கில் இந்த மூன்றரை மாதம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதுவும் கோப்பைப் போட்டி முடிந்த களைப்பில், தோற்ற அணிக்காரர்கள் திரையைத் திறக்கவே மனமில்லாமல் இருக்கும் நாட்களில். அணிக்கான முடிவுகள் அடங்கிய ஆணைக் கோப்பைக் கமிஷனருக்கு அனுப்பத் தவறிய ஒரே ஒரு நாளில் மூன்று கோடி டாலர் பொறுப்பு தலையில் ஏறிய அணி ஒன்று எனக்குத் தெரியும். அதை நடத்தியவர் அந்த வாரம் உடம்பு சரியில்லாத அம்மாவோடு மருத்துவமனையில் இருந்தார். லீக்கில் நம்பிக்கையான ஒருவரிடம் உங்கள் சார்பில் கோப்பு அனுப்பச் சொல்லி வைப்பது அவமானமல்ல. ஆர்பிட்ரேஷன் நாட்களை, கணினி நாள்காட்டியில் அல்லாமல், வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயந்துபோய், ஆர்பிட்ரேஷனுக்கு வருகிற எல்லோரையும் கழற்றிவிடுவது அடுத்த தவறு. திரையில் கணிப்புத் தொகை சிவப்பாகத் தெரிந்ததும் விடுவிப்புப் பட்டனை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சந்தை மதிப்பில் 40 சதவீதத்துக்கு ஒரு நல்ல ஆட்டக்காரன் கிடைப்பது இன்னமும் மலிவுதான். அந்த 40-க்கு இடம் வைக்காமல் போனதுதான் பிழை. அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த பந்து வீச்சாளர். கைமாற்ற வேண்டியவர் அவர்.

2002 டிசம்பரில் மினசோட்டா ட்வின்ஸ், ஆர்பிட்ரேஷனில் சம்பளம் ஏறப்போகிற 27 வயது ஆட்டக்காரர் ஒருவரை விடுவித்தது. அதுவரை அவர் அந்த அணிக்கு அடித்திருந்தது 58 ஹோம் ரன். அடுத்த மாதம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை 12.5 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது. அவர் பெயர் டேவிட் ஓர்டிஸ். பாஸ்டனுக்காக அவர் அடித்தது 483 ஹோம் ரன். வென்று கொடுத்தது மூன்று உலகத் தொடர்கள்.